எலுமிச்சைப் பெயர்... வாழைப்பழ வாழ்க்கை... லிமோன் என்றொரு ஊர்!

ஊர்... பேர்... வரலாறு – வாராந்தரத் தொடர்

கையில் இருக்கும் போனிலேயே மேப்பைத் திறந்துகொள்ளுங்கள். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் மெல்லிய நிலப்பட்டை தெரிகிறதா? அதில் நிகரகுவாவுக்குக் கீழே, பனாமாவுக்கு மேலே ஒரு சின்ன நாடு இருக்கும். அதுதான் கோஸ்டா ரிகா.

'ராணுவமே இல்லாத நாடு' என்று வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்களே, அதே நாடுதான். அது வதந்தி அல்ல. 1948 டிசம்பர் 1-ம் தேதி அங்கே ராணுவத்தை நிஜமாகவே கலைத்துவிட்டார்கள்.

இப்போது அந்த நாட்டின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வடக்கே நிகரகுவா எல்லையில் தொடங்கி, தெற்கே பனாமா எல்லை வரை கரீபியன் கடற்கரை முழுவதும் ஒரே மாகாணம். அதன் பெயர் லிமோன். அதன் தலைநகரின் பெயரும் லிமோன். ஸ்பானிய மொழியில் எலுமிச்சை என்று அர்த்தம்.

பெயர்தான் எலுமிச்சை. ஊரை உலக வரைபடத்தில் ஏற்றியது வாழைப்பழம். அந்த வாழைப்பழத்துக்காகவும், அதற்கு முன்னால் ஒரு ரயில் பாதைக்காகவும் கடல் கடந்து வந்து உழைத்தவர்கள் ஒரு கேள்வியோடு பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். 'நாங்கள் இந்த நாட்டுக்காரர்களா, இல்லையா?' என்பதுதான் அந்தக் கேள்வி. பதில் வர 77 வருடங்கள் ஆனது.

அந்தக் கதைக்குள் போவதற்கு முன், ஊரை ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம்.

மலை, மழை, ஆமை!

கோஸ்டா ரிகாவில் மொத்தம் 7 மாகாணங்கள். அதில் லிமோனின் பரப்பு சுமார் 9,189 சதுர கிலோமீட்டர். அதாவது நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே வசித்தவர்கள் சுமார் 3.87 லட்சம் பேர்.

மேற்கே தலமங்கா மலைத்தொடர். நாட்டின் மிக உயரமான சிகரமான சிர்ரிப்போ, இந்த மாகாணத்தின் எல்லையில்தான் சுமார் 3,820 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கிழக்கே கரீபியன் கடல். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மழையாகக் கொட்டுகிறது. அதனால் இங்கே கோடைக்காலம் என்று தனியாக எதுவும் கிடையாது. வருடத்துக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை.

ஒரு சுவாரஸ்யம். நாட்டின் பசிபிக் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் மழையில் நனைந்துகொண்டிருக்கும்போது, லிமோன் பக்கம் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். ஊரின் பெரிய கொண்டாட்டமான கார்னிவல் நடப்பதும் அக்டோபரில்தான்.

வடக்கு மூலையில் தோர்த்துகெரோ. 'ஆமைகள் வரும் இடம்' என்று பொருள். பச்சைக் கடலாமைகள் முட்டையிட வரும் மிக முக்கியமான கடற்கரைகளில் ஒன்று. இந்தக் கிராமத்துக்குச் சாலையே இல்லை. படகில் போகலாம், இல்லையென்றால் குட்டி விமானத்தில் போகலாம். ஒருகாலத்தில் இறைச்சிக்கும் முட்டைக்கும் ஆமைகளை வேட்டையாடிய இடம் இது. 1950-களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் இங்கே வந்து ஆமைகளை ஆராயத் தொடங்கினார். 1970-களில் இது தேசியப் பூங்காவானது. இன்று ஆமையைப் பிடித்து விற்பதைவிட, ஆமையைக் காட்டிச் சம்பாதிப்பதுதான் ஊரின் பிழைப்பு.

தெற்கே கஹுவிதாவின் பவளப்பாறைகள். அதற்கும் உள்ளே, தலமங்கா மலையில் பிரிப்ரி, கபேகார் பழங்குடி மக்கள். இவர்களுக்குக் குலம் என்பது அம்மா வழியில்தான் வரும். பிரிப்ரி மக்களின் சடங்குகளில் கொக்கோ பானம் தயாரிக்கும் உரிமை பெண்களுக்கு மட்டுமே.

கொலம்பஸ் வந்தார்... போனார்!

லிமோன் நகரக் கடற்கரையில் நின்று பார்த்தால் எதிரே ஒரு குட்டித் தீவு தெரியும். இன்றைய பெயர் உவிதா. அங்கே இருந்த மக்கள் அதைக் கிரிப்ரி என்று அழைத்தார்கள். 1502 செப்டம்பரில், தன் நான்காவது பயணத்தில், கொலம்பஸின் கப்பல்கள் இங்கேதான் நங்கூரமிட்டன. கரையில் இருந்தவர்களின் தங்க ஆபரணங்கள் ஸ்பானியர்களின் கண்களை உறுத்தின. 'செல்வக் கரை' என்று பொருள்படும் கோஸ்டா ரிகா என்ற பெயர் பின்னாளில் நிலைத்துவிட்டது.

ஆனால், அந்தச் 'செல்வக் கரை'யில் ஸ்பானியர்கள் தங்கவில்லை. வெக்கை, காய்ச்சல், ஓயாத மழை. அவர்கள் குளிர்ச்சியான மலைப்பகுதிக்குப் போய் கர்த்தாகோ நகரத்தை அமைத்துக்கொண்டார்கள். கடற்கரைப் பக்கம் மத்தினா என்ற இடத்தில் கொக்கோ தோட்டங்கள் போட்டார்கள். அங்கே வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள்.

தலமங்கா மலை மக்களோ ஸ்பானிய ஆட்சிக்குக் கடைசிவரை அடங்கவில்லை. 1709-ல் பாப்லோ பிரஸ்பெரே என்ற தலைவர் பெரிய கிளர்ச்சியை நடத்தினார். மறுவருடம் அவரைப் பிடித்து கர்த்தாகோவில் கொன்றார்கள். ஆனாலும் அந்த மலை அதற்குப் பிறகும் ஸ்பானியர்களின் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை.

ஆக, பல நூற்றாண்டுகளுக்கு லிமோன் பகுதி தலைநகரத்துக்கு 'அந்தப் பக்கம்' என்ற ஓர் இடமாகத்தான் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இந்தத் தூரம் வரும்.

காபிக்காக ஒரு ரயில்

19-ம் நூற்றாண்டில் கோஸ்டா ரிகாவுக்குப் பணம் கொட்டியது காபி. விளைவது நாட்டின் நடுவில் இருக்கும் மலைச் சமவெளியில். வாங்குபவர்கள் இருப்பது ஐரோப்பாவில். ஆனால், துறைமுகம் இருந்தது எதிர்த்திசையில், பசிபிக் பக்கம். மாட்டு வண்டியில் மூட்டைகளை பசிபிக் கரைக்கு இறக்கி, கப்பலில் ஏற்றி, தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு லண்டன் போக வேண்டும்.

'கிழக்குப் பக்கம் ஒரு துறைமுகமும், அதுவரை ஒரு ரயிலும் இருந்தால் எவ்வளவு மிச்சம்!' என்று கணக்குப் போட்டது அரசு. அதிபர் தோமாஸ் குவார்தியா 1871-ல் ஒப்பந்தம் போட்டார். பெருவில் ரயில் பாதைகள் போட்டுப் பெயர் வாங்கிய ஹென்றி மெய்க்ஸ் என்ற அமெரிக்கரிடமிருந்து வேலை அவருடைய உறவினர்களான கீத் சகோதரர்களின் கைக்கு வந்தது. கடைசியில் அதை முடித்தவர் மைனர் கீத். மைனர் என்பது அவருடைய நிஜப்பெயர்தான்!

தூரம் பெரிதில்லை. தலைநகர் சான் ஹோசேயிலிருந்து இன்றைய சாலையில் சுமார் 160 கிலோமீட்டர். ஆனால், பாதை போக வேண்டியது சதுப்பு நிலம், அடர்ந்த காடு, வெள்ளம் புரளும் ஆறுகள் வழியாக. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் ஆட்களைச் சாய்த்தன. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்கிறார்கள். கீத் சகோதரர்களிலேயே மூன்று பேர் உயிரை விட்டார்கள்.

உள்ளூர் ஆட்கள் இந்த வேலைக்கு வரத் தயாராக இல்லை. எனவே வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1872 டிசம்பரில் ஜமைக்காவிலிருந்து 'லிஸ்ஸி' என்ற கப்பல் முதல் தொழிலாளர்களை லிமோனில் இறக்கியது. அடுத்த வருடம் சீனர்கள் வந்தார்கள். பிறகு இத்தாலியர்கள். கூலியும் சாப்பாடும் சரியில்லை என்று 1888-ல் இத்தாலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலானோர் கிளம்பிப் போய்விட்டார்கள். ஜமைக்காக்காரர்கள் இருந்தார்கள்.

1890-ல் ரயில் ஓடியது. லிமோன் துறைமுக நகரமானது. 1902-ல் மாகாண அந்தஸ்தும் கிடைத்தது.

தண்டவாளத்தின் ஓரத்தில் விளைந்த சாம்ராஜ்யம்

இங்கேதான் வாழைப்பழம் வருகிறது. பாதி போட்ட ரயில் பாதையில் ஏற்றுவதற்குச் சரக்கு வேண்டும். கையில் பணமும் இல்லை. தண்டவாளத்தின் இரு பக்கமும் வாழையை நட்டார் கீத். பழத்தை அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார். அங்கே அது சக்கைப்போடு போட்டது.

1884-ல் அரசோடு கீத் ஓர் ஒப்பந்தம் செய்தார். நாட்டின் கடனைப் பேசிச் சரிசெய்து, மிச்சமிருந்த பாதையையும் முடித்துக்கொடுப்பதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது 8 லட்சம் ஏக்கர் நிலம். கூடவே ரயில் பாதையை 99 வருடங்களுக்கு நடத்தும் உரிமை. ஒரு நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 6 சதவிகிதத்துக்கும் மேல், ஒரே மனிதரிடம்!

1899-ல் கீத்தின் கம்பெனியும் பாஸ்டனில் இருந்த இன்னொரு பழக் கம்பெனியும் இணைந்தன. பிறந்தது யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி. இன்று 'சிக்கீட்டா' என்ற நீல ஸ்டிக்கரோடு உலகம் சுற்றும் வாழைப்பழத்தின் தாத்தா கம்பெனி அதுதான். 'பனானா ரிபப்ளிக்' என்று அரசியல் கட்டுரைகளில் வருமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்ததும் இப்படிப்பட்ட கம்பெனிகள்தான்.

லிமோனில் ரயில் கம்பெனியுடையது. தோட்டம் கம்பெனியுடையது. மளிகைக் கடைகூடக் கம்பெனியுடையது. கூலியின் ஒரு பகுதி ரூபாய் நோட்டாக வராது, கூப்பனாக வரும். அந்தக் கூப்பன் கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும்.

'நீங்கள் எந்த ஊர்?'

ரயில் வேலை முடிந்தது. ஜமைக்காக்காரர்கள் வாழைத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் சேர்ந்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டில் ஆங்கிலம், சர்ச் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், பொழுதுபோக்குக்குக் கிரிக்கெட். ஆம், மத்திய அமெரிக்காவில் கிரிக்கெட்!

ஆனால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். லிமோனிலேயே பிறந்த குழந்தைக்கும் பிறந்த உடனே கோஸ்டா ரிகா குடியுரிமை கிடைத்துவிடாது. பிரிட்டனைப் பார்த்ததே இல்லை. ஜமைக்காவைப் பாட்டி சொல்லிக் கேட்டதோடு சரி. பிறந்த மண்ணிலோ வாக்குரிமை இல்லை.

கறுப்பின மக்கள் துரியால்பா ஊரைத் தாண்டி தலைநகர் பக்கம் போகக் கூடாது என்று சட்டமே இருந்ததாகப் பழைய தலைமுறை சொல்வதுண்டு. அப்படி எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடைக்கவில்லை என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். ஆனால், துரியால்பாவில் ரயில் ஊழியர்கள் மாற்றப்பட்டதைப் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எழுதாத சட்டத்துக்கும் வலி உண்டு.

1910 வாக்கில் ஓர் இளைஞர் ஜமைக்காவிலிருந்து லிமோனுக்கு வந்து, வாழைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் குறிக்கும் பணியில் சேர்ந்தார். தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் அவரை உலுக்கியது. அங்கேயே பத்திரிகை நடத்தி எழுதினார். அவர்தான் மார்க்கஸ் கார்வி. 1914-ல் ஜமைக்கா திரும்பி அவர் தொடங்கிய இயக்கம், பிறகு உலகம் முழுவதும் கறுப்பின மக்களைத் தலைநிமிரச் சொன்னது. 1921-ல் அவர் தலைவராக மீண்டும் லிமோன் வந்தார். அடுத்த வருடம் அந்த இயக்கத்துக்காக லிமோனில் எழுந்த மரக் கட்டடத்தை, கார்வியின் கப்பல் கம்பெனிப் பெயரிலேயே 'பிளாக் ஸ்டார் லைன்' என்று ஊர் அழைத்தது. கூட்டம், கல்யாண விருந்து, நாட்டியம் எல்லாம் அங்கேதான். 2016 ஏப்ரலில் தீ விபத்தில் அது எரிந்துபோனபோது, ஊர் கூடி அழுதது.

1934... வேலைநிறுத்தமும் ஒரு வரியும்!

இதற்கிடையில் வாழைக்கு 'பனாமா வாடல் நோய்' வந்தது. அப்போது ஏற்றுமதியான 'குரோ மிஷெல்' ரகம் மண்ணிலிருந்து பரவும் இந்தப் பூஞ்சையைத் தாங்கவில்லை. தோட்டம் தோட்டமாகச் செத்தது. (பின்னாளில் உலகச் சந்தை 'கேவண்டிஷ்' ரகத்துக்கு மாறியதற்கு இந்த நோய்தான் காரணம். நம் ஊரில் விற்கும் ஜி-9 வாழைப்பழமும் அதே கேவண்டிஷ் குடும்பம்தான்.)

1934 ஆகஸ்டில் லிமோன் வாழைத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. கூப்பன் வேண்டாம், பணமாகக் கூலி கொடு, குடியிருக்க நல்ல இடம் கொடு, பாம்புக்கடிக்கு மருந்து வை. இவைதான் கோரிக்கைகள். கேட்டவர்கள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் கார்லோஸ் லூயிஸ் ஃபயாஸ், செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1941-ல் அவர் எழுதிய 'மமித்தா யுனாய்' நாவல் இந்தத் தோட்ட வாழ்க்கையைப் பற்றியது. 'யுனாய்' என்பது 'யுனைடெட்' என்ற கம்பெனிப் பெயரைத் தொழிலாளர்கள் உச்சரித்த விதம்.

கம்பெனி தன் கவனத்தைப் பசிபிக் கரைக்கு மாற்றியது. தொழிலாளர்களும் அங்கே போகலாம்தானே? போக முடியாது. 1934 டிசம்பரில் அரசுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒரு வரி இருந்தது. பசிபிக் பகுதியின் வாழை வேலைகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்கக் கூடாது என்ற வரி.

இங்கே வேலை போய்விட்டது. அங்கே போகத் தடை. குடியுரிமையும் இல்லை. பலர் பனாமாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் கைவிடப்பட்ட தோட்டங்களில் கொக்கோ பயிரிட்டுப் பிழைத்தார்கள்.

பதில் வந்தது

1948-ல் கோஸ்டா ரிகாவில் 44 நாள் உள்நாட்டுப் போர். வென்றவர் ஹோசே ஃபிகரெஸ். ராணுவத்தைக் கலைத்தவரும் அவர்தான். அவருடைய இடைக்கால ஆட்சி 1949-ல் லிமோன் மக்களுக்குக் கதவைத் திறந்தது. இங்கே பிறந்த கறுப்பின மக்கள் கோஸ்டா ரிகா குடிமக்கள் ஆனார்கள். நிறத்தின் பெயரால் இருந்த தடைகளும் போயின.

'லிஸ்ஸி' கப்பல் வந்த 1872-லிருந்து எண்ணிப் பாருங்கள். 77 வருடங்கள்.

1953 தேர்தலில் லிமோனிலிருந்து அலெக்ஸ் கர்லிங் நாடாளுமன்றம் போனார். அந்த நாட்டின் முதல் கறுப்பின உறுப்பினர். 2018-ல் எப்ஸி கேம்பெல் துணை அதிபரானார். ஜமைக்காவிலிருந்து கோஸ்டா ரிகாவுக்குக் குடிபெயர்ந்த அவருடைய அப்பா வழிப் பாட்டியின் பெயரும் எப்ஸிதான். பேத்திக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

தேங்காய்ப்பால் சாதமும் கேசட் பாட்டும்

லிமோனின் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின் பெயரே 'ரைஸ் அண்ட் பீன்ஸ்'. ஸ்பானிய மொழி பேசும் நாட்டில், ஆங்கிலப் பெயரிலேயே இருக்கும் சாப்பாடு. நாட்டின் மற்ற பகுதியிலும் அரிசியும் பீன்ஸும்தான் காலை உணவு. ஆனால், லிமோனில் அதைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள்.

வேகவைத்த சிவப்பு பீன்ஸோடு (ராஜ்மா வைத்துச் செய்யலாம்) தேங்காய்ப்பால், பூண்டு, தைம் இலை சேர்த்து, அதில் அரிசியைப் போட்டு வேகவிட வேண்டும். மேலே ஒரு முழுக் காரமிளகாயை வைப்பார்கள். மிளகாய் உடையக் கூடாது. வாசனை மட்டும் இறங்கி, காரம் அளவோடு நிற்க வேண்டும். அதுதான் கைப்பக்குவம்.

ஊர்ப் பேச்சுக்கு 'மெக்கடெல்யூ' என்று பெயர். 'நான் சொல்றேன் கேளு' என்று பொருள்படும் கிரியோல் ஆங்கிலத் தொடரிலிருந்து வந்தது. 'என்ன விசேஷம்?' என்பதற்கு 'வாப்பின்' என்பார்கள்.

பாட்டு என்றால் கலிப்ஸோ. கஹுவிதாவில் வாழ்ந்த வால்டர் ஃபெர்குசன் வீட்டிலேயே டேப் ரெக்கார்டரை வைத்து, தன் பாட்டைக் கேசட்டில் பதிவு செய்து, வந்த பயணிகளுக்கு விற்றார். காப்பி எடுக்கும் வழக்கம் இல்லை. ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாகப் பாடுவார். அதனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி! பின்னாளில் ரசிகர்கள் உலகம் முழுக்கத் தேடி அந்தக் கேசட்டுகளைத் திரட்டினார்கள். 2023-ல், 103 வயதில் அவர் மறைந்தார்.

நிலம் எழும்பிய நாள்... அதற்குப் பிறகு?

1991 ஏப்ரல் 22, பிற்பகல். 7.6 ரிக்டர் நிலநடுக்கம் லிமோனை உலுக்கியது. பாலங்கள் விழுந்தன. கடற்கரை சில இடங்களில் ஒன்றரை மீட்டர் அளவுக்கு மேலே எழும்பியது. கடலுக்குள் இருந்த பவளப்பாறை வெயிலில் வந்து நின்றது. ஏற்கெனவே மண்சரிவுகளால் நொந்து கிடந்த அந்தப் பழைய மலை ரயில் பாதைக்கு இது கடைசி அடி. எத்தனையோ உயிர்களை வாங்கிப் போட்ட பாதையில் லிமோன் - சான் ஹோசே ரயில் மறுபடி ஓடவே இல்லை.

இன்று நாட்டின் கடல்வழி வணிகத்தில் சுமார் 80 சதவிகிதம் லிமோன், அதை ஒட்டிய மொயின் துறைமுகங்கள் வழியாகத்தான் போகிறது. 2019-ல் மொயினில் மிகப்பெரிய நவீன கன்டெய்னர் முனையமும் வந்தது. வாழையும் அன்னாசியும் இங்கிருந்துதான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன.

இவ்வளவு பணம் கடந்துபோகும் ஊரில் பணம் தங்குகிறதா? இல்லை என்பதுதான் வருத்தம். வறுமையும் வேலையின்மையும் நாட்டிலேயே அதிகமுள்ள பகுதிகளில் லிமோனும் ஒன்று. கன்டெய்னர்களுக்குள் போதைப்பொருளைக் கடத்தும் கும்பல்கள் வேலையில்லாத இளைஞர்களைத்தான் குறிவைக்கின்றன. கொலைக் குற்றங்களின் விகிதத்திலும் இந்த மாகாணம் முன்வரிசையில் நிற்கிறது. மலையைக் குடைந்து போட்ட நெடுஞ்சாலை மழையில் சரிந்தால், தலைநகருக்கான முக்கிய வழி அடைபடும். அந்தப் பழைய தூரம் இன்னும் முழுசாகக் குறையவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் 31-ம் தேதியை ஆப்பிரிக்க வம்சாவளி மக்களுக்கான சர்வதேச தினமாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது. 2021-ல் முதல் முறையாகக் கொண்டாடப்பட்டது. அதை முன்மொழிந்த நாடு எது தெரியுமா? கோஸ்டா ரிகா! 1934-ல் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை எழுதிய அதே நாடு.

நாடுகள் மாறும். ஆனால், தானாக மாறாது. கூப்பனுக்குப் பதில் கூலி கேட்டவர்கள், எரிந்த கட்டடத்துக்காக அழுதவர்கள், பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைத்தவர்கள் எல்லாம் சேர்ந்துதான் மாற்றினார்கள். இன்றைக்கு லிமோன் இளைஞர்கள் கேட்பது வேலை. அதற்கு இன்னொரு 77 வருடம் ஆகிவிடக் கூடாது.

வீட்டில் ரைஸ் அண்ட் பீன்ஸ் செய்து பார்ப்பவர்கள், மிளகாய் உடைந்ததா இல்லையா என்று கமென்ட்டில் சொல்லுங்கள்!

(அடுத்த வாரம்: ஏரிக்குள் சுறா நீந்தும் நாடு... நிகரகுவாவின் கிரனடா நகரம்!)